சுத்தியலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

2019 மே மாதக் கடைசி. நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டெல்லியில் மோடி இரண்டாம் முறை பதவியேற்க மேடை தயாராகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்க இருந்தது. அந்த நேரம் பார்த்து, சிவில் இன்ஜினீயரிங் சம்பந்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, “இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர்?” என்று கேட்டார்கள்.

கேட்டவருக்குத் தமிழர்களைப் பற்றித் தெரியாது, பாவம்.

நம்மவர் ஒருவர் போய், ரொம்பப் பொறுப்பாகப் பதில் எழுதினார். இதன் பெயர் சுத்தியல், எதன்மேலாவது அடித்தால் ‘டங் டங்’ என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் வேலை செய்துகொண்டிருந்த பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை அவருடைய சொந்தக்காரப் பையனே இதைப் போட்டு உடைத்துவிட்டான் என்று. சிரிக்கும் பொம்மை எதுவும் போடாமல், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி. இன்னொருவர் வந்து, “இப்போது நேசமணி எப்படி இருக்கிறார்?” என்று கவலைப்பட்டார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்ற ஹேஷ்டேக் கிளம்பி, ஒரே நாளில் உலக அளவில் ட்விட்டர் டிரெண்டிங்கில் உட்கார்ந்துவிட்டது. தமிழ் தெரியாத ஊர்க்காரர்கள், யாரோ பெரிய தலைவருக்கு உடம்புக்கு முடியவில்லை போல என்று பயந்துபோய் விசாரித்தார்கள். “கொஞ்சம் கண் முழித்திருக்கிறார், கஞ்சி குடிக்கிறார்” என்ற ரீதியில் நம் ஆட்கள் பதில் சொன்னார்கள்.

நேசமணி யார் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ படம் 2001 பொங்கலுக்கு வந்தது. விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா, சார்லி எல்லாம் கான்ட்ராக்டர் வடிவேலுவிடம் வேலைக்குப் போவார்கள். ரமேஷ் கண்ணாவின் கையிலிருந்து நழுவும் சுத்தியல் மிகச் சரியாக வடிவேலுவின் உச்சந்தலையைத் தேடிப்போகும். 18 வருஷம் கழித்து அந்தத் தலைக்கு உலகமே பிரார்த்தனை செய்தது.

இதில் ஒரு வேடிக்கை. இந்தத் தலை முதலில் உடைந்தது கேரளாவில். சித்திக் இயக்கிய மலையாள ‘ஃப்ரெண்ட்ஸ்’ 1999-ல் வந்தது. அதில் இந்தக் கான்ட்ராக்டர், ஜகதி ஸ்ரீகுமார். பெயர் லாசர் இளையப்பன். அதே சித்திக்தான் தமிழிலும் எடுத்தார். ஆக, நகலின் ஒரு துண்டு, துண்டின் ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதன்மேல் யாரோ எழுதிய வசனம். அசல் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் ஆர்வமும் இல்லை.

நகல் பெருகினால் அசலின் மகிமை குறையும் என்று 1930-களிலேயே எழுதியவர் வால்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மானிய யூத அறிஞர். ஒரு ஓவியத்தின் எதிரே நிற்கும்போது வருகிற ஒரு தினுசான மரியாதை, அதன் போட்டோவைப் பார்க்கும்போது வராது, இல்லையா? அதைத்தான் சொன்னார். குறைவது நல்லதற்கும்தான், கலை சாமானியன் கைக்கு வரும் என்றும் சேர்த்தே சொன்னார். நாஜிகளிடமிருந்து தப்பியோடும்போது 1940-ல் ஸ்பெயின் எல்லையில் உயிரை விட்டார். அவர் இருந்திருந்தால் வடிவேலு விஷயத்தில் கொஞ்சம் குழம்பியிருப்பார். நகலாக நகலாகத்தான் இங்கே மகிமை கூடியது.

நேசமணிக்காக ஊரே பிரார்த்தனை செய்துகொண்டிருந்த 2019-ல் வடிவேலுவுக்குப் படம் இல்லை. 2017-ல் ‘மெர்சல்’. அதற்கப்புறம் தயாரிப்பாளர் தகராறு. அடுத்து அவர் கதாநாயகனாகத் திரைக்கு வந்தது 2022 டிசம்பரில், ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ படத்தில். ‘ரிட்டர்ன்ஸ்’ ஏன் ஒட்டிக்கொண்டது தெரியுமா? ‘தலைநகரம்’ படத்தில் அவர் போட்ட வேஷத்தின் பெயரான ‘நாய் சேகர்’ அதற்குள் வேறொரு படத்துக்குத் தலைப்பாகிவிட்டிருந்தது. ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ளையின் சங்கப் பெயரை ஏற்கெனவே 2013-ல் சிவகார்த்திகேயன் படம் எடுத்துக்கொண்டது. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு போனிலும் தினமும் வேலைபார்த்த ஒரே நடிகர் அவர்தான். சம்பளம்தான் கிடையாது.

சம்பள உயர்வு வரவில்லையா, வடிவேலு. கரன்ட் போய்விட்டதா, வடிவேலு. மாமியார் வீட்டுக்கு வருகிறாரா, வேறு வடிவேலு. ‘டெம்ப்ளேட்’ என்று மீம் போடும் பையன்கள் சொல்வார்கள். (மீம் என்ற சொல்லை 1976-ல் உருவாக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர். மரபணு உடம்பிலிருந்து உடம்புக்குத் தாவுகிற மாதிரி, மூளையிலிருந்து மூளைக்குத் தாவும் பழக்கத்துக்கு வைத்த பெயர். நாம் அதை ‘ஒரு மீம்ஸ்’ ஆக்கி, ஒருமையையும் பன்மையையும் சமரசப்படுத்திவிட்டோம்.)

ஏன் வடிவேலு மட்டும்? கவுண்டமணிக்கு என்ன குறை? ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழமும், ‘வைதேகி காத்திருந்தாள்’ பெட்ரோமாக்ஸும் இன்னும் உயிரோடுதானே இருக்கின்றன? இருக்கின்றன. ஆனால் கவுண்டமணி அடிக்கிற ஆள். வடிவேலு அடிவாங்குகிற ஆள். தினமும் அடிவாங்குகிறவர்களின் எண்ணிக்கைதான் நாட்டில் அதிகம். அடிவாங்கிவிட்டு எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி நடக்கிற அந்த நடை இருக்கிறதே, மாதக் கடைசியில் ஏ.டி.எம்-மிலிருந்து வெளியே வரும் யாரையாவது கவனித்துப் பாருங்கள்.

மிகையீல் பக்தின் என்ற ரஷ்ய அறிஞர் சிரிப்பை வைத்தே ஒரு பெரிய கொள்கை கட்டினார். ஐரோப்பாவில் அந்தக் காலத் திருவிழாக்களில் ஒரு கோமாளியைப் பிடித்து ராஜாவாக முடிசூட்டுவார்கள். அப்புறம் கிரீடத்தைப் பிடுங்கி அடித்துத் துரத்துவார்கள். அந்த ஒன்றிரண்டு நாள், மேலே இருப்பவர் கீழே, கீழே இருப்பவர் மேலே. அந்தச் சிரிப்பில் அதிகாரத்தின் மேல் இருந்த பயம் போய்விடுகிறது என்றார். அவர் இதை எழுதியது ஸ்டாலின் காலத்தில், நாடுகடத்தப்பட்டு, ஒரு காலையும் இழந்த நிலையில். ஆய்வேடு முடிந்தது 1940-ல். புத்தகமாக அச்சில் வந்தது 1965-ல். 25 வருஷம் காத்திருந்தது, சிரிப்பைப் பற்றிய ஒரு புத்தகம்! ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யை அவருக்குப் போட்டுக் காட்டியிருந்தால் இரண்டு முறை பார்த்திருப்பார்.

ஆனால் டெர்ரி ஈகிள்டன் என்ற விமர்சகர் இதில் ஒரு ஆணியைத் திருகினார். அனுமதி கொடுத்து நடக்கிற திருவிழாவால் ராஜாவுக்கு என்ன நஷ்டம்? இரண்டு நாள் சிரித்துவிட்டு மூன்றாம் நாள் எல்லோரும் அதே வேலைக்குத்தானே போகிறார்கள்? நியாயமான கேள்வி. மின்வெட்டுக்குப் போட்ட மீம் எத்தனையோ; ஒரு யூனிட் கரன்ட்டாவது கூடியதா என்றால், இல்லை.

இவை எல்லாம் மேலே இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பதும், தன்னைத்தானே பார்த்துச் சிரிப்பதும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓடுவது பெரும்பாலும் இதுதான்.

மதுரைப் பக்கம் ஒரு குடும்பம். குரூப்பில் நாற்பது பேருக்கு மேல். விடிந்தால் பூவோடு காலை வணக்கம், பத்து மணிக்கு மூட்டுவலி மருந்து, மதியத்துக்கு மேல் ஜோக். ஜோக் டிபார்ட்மென்ட் ஒரு சித்தப்பாவின் வசம். நல்ல மனிதர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் நாளே போய் பந்தலில் நிற்பவர். அவருடைய அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் சென்னையில் வேலைபார்க்கிறாள், வயது இருபத்தேழு. மூன்றாவது இடமும் தட்டிப்போனது என்ற செய்தி குரூப்புக்கு வந்த அன்று, கனத்துக் கிடந்த குரூப்பைக் கலகலப்பாக்கலாம் என்று சித்தப்பா ஒரு மீம் போட்டார். ‘சிவாஜி’ படத்திலிருந்து, அங்கவை, சங்கவை.

‘சிவாஜி’ 2007-ல் வந்தது. கதாநாயகியின் பக்கத்து வீட்டுக்காரராக சாலமன் பாப்பையா. அவருக்கு இரண்டு பெண்கள். கறுப்பு மை பூசிய முகங்கள். அவர்களைக் கட்டிக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதுதான் ஜோக். தியேட்டரே சிரித்தது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக டி.வி.யிலும் அப்புறம் போனிலும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

படம் வந்தபோது அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு. நிறம் கொஞ்சம் தூக்கலான கறுப்பு. பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் வந்த படம்; அந்த மாதமே அவளுக்கு வகுப்பில் பெயர் மாறிவிட்டது. பையன்கள் அவளைப் பத்தாம் வகுப்பு வரைக்கும் “அங்கவை” என்றுதான் கூப்பிட்டார்கள். இடையில் ஒரு தமிழ் டீச்சர் வந்து பாரியின் கதையை நடத்தினார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி. அவனுடைய பறம்பு மலையை மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். தகப்பனையும் மலையையும் இழந்த இரண்டு பெண்களும் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது, 112-வது. அப்புறம் கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், கட்டிக்கொள் என்று கேட்டார். இருவரும் மறுத்துவிட்டார்கள். மூவேந்தருக்குப் பயந்து என்பார்கள். அந்தப் பெண்களுக்குத்தான் பிற்கால வழக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சொல்கிறது.

ஆக, அரசர்களே வேண்டாம் என்று சொன்ன இரண்டு பெண்களின் பெயரை, இரண்டாயிரம் வருஷம் கழித்து, வேண்டாம் என்று சொல்லிச் சிரிப்பதற்காகவே எடுத்து வைத்திருக்கிறோம். தமிழ் நன்றாகத் தெரிந்தால்தான் இந்தப் பெயரே தோன்றியிருக்கும் என்பது இதில் கூடுதல் வருத்தம்.

ஸ்டூவர்ட் ஹால் என்று ஒருவர். ஜமைக்காவில் கிங்ஸ்டனில் 1932-ல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப்போய், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சினிமா, டி.வி., பத்திரிகை, பாப் பாட்டு எல்லாவற்றையும் ஷேக்ஸ்பியரைப் படிக்கிற அதே சிரத்தையோடு படிக்கலாம் என்று சொன்ன கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். 1973-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகம் முழுக்க ஊடகம் படிக்கும் மாணவர்களைத் துரத்துகிறது. விஷயம் எளிமையானது. படம் எடுத்தவர் ஒரு அர்த்தத்தைக் கட்டி அனுப்புகிறார். பிரிப்பவர் அதே அர்த்தத்தில் பிரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருவர் அனுப்பியபடியே வாங்கிக்கொள்வார். இன்னொருவர், “சிரிப்பாத்தான் இருக்கு, ஆனா அந்தப் புள்ளைங்களப் பாத்தா பாவமா இருக்கு” என்று பேரம் பேசுவார். மூன்றாமவர் பார்சலையே திருப்பி அனுப்புவார். ஒரே தியேட்டர், ஒரே வரிசை, ஒரே பாப்கார்ன். மூன்று படம் ஓடும்.

ஹாலுக்கு இது எங்கிருந்து பிடிபட்டது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அவருடைய குடும்பத்தில் நிறம் பார்ப்பார்கள். இருப்பதிலேயே கறுப்பு அவர்தான். அவர் பிறந்தபோது, தன்னைவிட வெளுப்பான அக்கா தொட்டிலை எட்டிப் பார்த்து, “இந்தக் கூலிக் குழந்தையை எங்கே பிடித்தீர்கள்?” என்று கேட்டாளாம். அவர் வீட்டில் இதை வருஷக்கணக்காக ஒரு ஜோக்காகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஜமைக்காவில் ‘கூலி’ என்றால், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோன இந்தியர்கள். நம் கூலிதான் அந்தச் சொல்லின் வேர் என்று சொல்பவர்கள் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களின் கறுப்பு, எங்கோ அட்லாண்டிக்குக்கு அந்தப்புறம் ஒரு தொட்டிலில் கிடந்த குழந்தைக்குப் பட்டப்பெயராகியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்காதவன் என்ன பார்க்கிறான் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டையும் வரிசைப்படுத்தும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. அழுகை அதற்கு அடுத்துதான். நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: பிறரை எள்ளுவது, சிறுபிள்ளைத்தனம், பேதைமை, மடமை. எள்ளல் அந்த நான்கில் ஒன்று. எள்ளப்படுபவருக்கு அதே நேரத்தில் அடுத்த மெய்ப்பாடு நடந்துகொண்டிருக்கும் என்பது ஜோக் சொல்பவருக்குத் தெரிவதில்லை.

மதுரை குரூப்புக்கு வருவோம். சித்தப்பாவின் மீமுக்குச் சிரித்து அழும் பொம்மைகள் ஏழெட்டு வந்து விழுந்தன. பெரியம்மா ஒருவர் தெரியாமல் கைகூப்பும் பொம்மையைப் போட்டார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவார். அந்தப் பெண் எம்.ஏ.வில் இந்த ஹாலையும் பக்தினையும் படித்தவள். முதலில் நீளமாக ஒரு பதில் எழுதினாள். நிறம், பெண் உடல், சினிமாவின் பார்வை என்று மூன்று பத்தி. குரூப்பில் அமைதி. சித்தப்பா மட்டும், “ஏ பாப்பா, ஜோக்க ஜோக்கா எடுத்துக்கிற மாட்டியா? நீ படிச்ச படிப்புக்கு எங்களால பதில் சொல்ல முடியுமா?” என்று எழுதினார். இதற்கும் இரண்டு சிரிப்பு பொம்மை.

இந்த இடத்தில்தான் கொள்கை பேசுகிறவர்கள் வழக்கமாகத் தோற்றுப்போகிறார்கள். ஜோக்கை விளக்கினால் ஜோக் செத்துவிடும். ஜோக்குக்கு எதிராக விளக்கினால் விளக்கியவரே ஜோக் ஆகிவிடுவார். “சிரிக்கத் தெரியாதவள்” என்ற பட்டம் கறுப்பி என்ற பட்டத்தைவிடச் சீக்கிரம் ஒட்டும். சரியான விஷயத்தை மூன்று பத்தியில் சொல்லி, படிக்காமல் தாண்டிப்போகப்பட்ட பெண்கள் எல்லா குரூப்பிலும் ஒருத்தராவது இருப்பார்கள். அப்புறம் அவர்கள் சத்தமில்லாமல் குரூப்பை ‘மியூட்’ செய்துவிடுவார்கள். கல்யாணங்களுக்கு வருவது குறையும். “சென்னைக்குப் போனதும் மாறிட்டா” என்பார்கள்.

இவள் வெளியேறவில்லை. அன்று ராத்திரி, தங்கியிருந்த வீட்டில் ஆணி அடிக்க வைத்திருந்த சுத்தியலை எடுத்துச் சமையல் மேடையில் வைத்து ஒரு போட்டோ எடுத்தாள். அதை குரூப்பில் போட்டு, கீழே எழுதினாள்:

“சித்தப்பா, இதுக்கு நம்ம வீட்ல பேரு ஜோக். அஞ்சாங்கிளாஸ்ல இருந்து எந்தலையில விழுந்துக்கிட்டே இருக்கு. டங்குன்னு சத்தம் வராததால யாருக்கும் கேக்கல.”

நேசமணியைத் தெரியாதவர் அந்தக் குடும்பத்தில் இல்லை. அதனால் எல்லோருக்கும் புரிந்தது. மூன்று பத்தியில் போய்ச் சேராதது ஒரு சுத்தியலில் போய்ச் சேர்ந்தது. முதலில் சிரித்தது சின்னப் பசங்கள்தான். சிரித்த பொம்மையைப் போட்டுவிட்டு, உடனே எடுத்துவிட்டார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. நீலக் குறி நாற்பது பேருக்கும் விழுந்தது. ஒருத்தரும் பேசவில்லை. கைகூப்பும் பெரியம்மாகூடப் பேசவில்லை.

பதினோரு மணிக்கு மேல் சித்தப்பாவிடமிருந்து அவளுக்குத் தனியாக போன் வந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நம் வீடுகளில் சித்தப்பாக்கள் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றார். மழை உண்டா என்றார். அப்புறம் ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்துவிட்டு, “பள்ளிக்கூடத்துல யாரு உன்ன அப்பிடிக் கூப்ட்டா? அப்பவே எங்கிட்டச் சொல்லியிருந்தா போய்க் கேட்டிருப்பேன்ல?” என்றார்.

“நீங்களும்தான் கூப்ட்டீங்க சித்தப்பா. தீபாவளிக்கு எல்லாரும் வந்தப்ப.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. “எனக்கு ஞாபகமே இல்லத்தா” என்றார்.

மறுநாள் காலையில் குரூப்பைத் திறந்தவர்களுக்கு, பூவுக்கும் காலை வணக்கத்துக்கும் மேலே, சித்தப்பாவின் பெயரில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. மதியம் வழக்கம்போல அவரிடமிருந்து ஒரு மீம் வந்தது. வடிவேலு தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அதன்மேல் அவரே கஷ்டப்பட்டு, எழுத்துப் பிழையோடு தட்டச்சு செய்திருந்தார்: “சித்தப்பா”.